கோடிப்புறத்து விருந்தினர்

வீடு கட்டுவோர் முன்புறத்தைப் பற்றியே பெரிதும் சிந்திப்பர். படலை எத்திசை நோக்க வேண்டும், விறாந்தை எத்தனை அடி அகலம் வேண்டும், முற்றத்தில் செவ்வரத்தை எவ்விடம், குரோட்டன் எவ்விடம் என்று பலநாள் ஆலோசனை நடைபெறும். பின்புறத்தைப் பற்றி எவரும் ஆலோசிப்பதில்லை. கிணற்றடி, அதன் கழிவு நீரிற் செழிக்கும் நாலு வாழை, ஒரு தேசி, ஒரு கறிவேப்பிலை, வேலியோரத்தில் ஒரு முருங்கை, மூலையிற் குப்பைக் கிடங்கு என்று அது தானாகவே அமைந்துவிடுகின்றது. அதனையே யாழ்ப்பாணத்தார் கோடிப்புறம் என்பர்.

படலை வழியாக வரும் விருந்தினருக்கு முன்புறம் போதும். ஆனால், அழையாமலே நாள்தோறும் வந்து, உண்டு, நீராடி, சிலவேளை குடித்தனமும் நடத்திச் செல்லும் வேறொரு கூட்டத்தார் உளர். அவர்கள் நாடுவது கோடிப்புறத்தையே. அவர்கள் யாவர், எதற்காக வருகின்றனர், எதனால் வராது நின்றுவிடுகின்றனர் என்பவற்றை இவ்வாரம் சற்றே ஆராய்வோம். இதற்குப் பெருந்தோட்டம் வேண்டியதில்லை. இரண்டு பரப்புக் காணியில் வீடு போக எஞ்சியிருக்கும் நிலமே போதுமானது.

சருகின் செல்வம்

காலையில் எழுந்ததும் முற்றம் கூட்டுதல் நம்மவரின் நல்வழக்கம். கூட்டிய சருகைக் கோடியிற் குவித்து நெருப்பு வைத்தலும் அவ்வழக்கத்தோடு சேர்ந்துவிட்டது. மாவிலையும் பலாவிலையும் உதிர்ந்து மக்கிக் கிடப்பது நமக்குக் குப்பையாகத் தோன்றுகின்றது. புலுனிக்கோ அதுவே சோற்றுப் பானை.

புலுனியை அறியாத பிள்ளை நம் ஊர்களில் இராது. சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடல், மஞ்சள் அலகு, வெளிறிய கண், கலைந்த சிறகு. ஆறேழாகக் கூடி வந்து ஓயாது கீச்சிட்டுச் சச்சரவு செய்வன போலத் தோன்றும். ஆங்கிலேயர் இவற்றுக்கு 'ஏழு சகோதரிகள்' என்று பெயரிட்டனர். உற்று நோக்கினால் அது சச்சரவன்று, கூட்டுக் குடும்பத்தின் பேச்சு என்பது விளங்கும். சில நிலத்திலே சருகைப் புரட்டிப் பூச்சி தேட, ஒன்று தாழ்ந்த கிளையில் அமர்ந்து காவல் பார்க்கும். கூட்டிற் குஞ்சு இருக்கும் காலத்தில் தாய் தந்தையர் மாத்திரமன்றிக் கூட்டத்திலுள்ள ஏனையவையும் இரை கொணர்ந்து ஊட்டுவதுண்டு. இந்த நற்குணத்தை நன்கறிந்த கள்வன் ஒருவனும் உளன். கொண்டையுடைய கறுப்பு வெள்ளைக் குயில், தன் முட்டையைப் புலுனியின் கூட்டில் இட்டுவிட்டுச் சென்றுவிடும். அம்முட்டையும் புலுனி முட்டையைப் போல நீல நிறமானதே. சொந்தப் பிள்ளையோ, வந்த பிள்ளையோ என்று பாராமற் குடும்பம் முழுவதும் அதனை வளர்த்துவிடுகின்றது.

சருகை நாடி வரும் இன்னொரு விருந்தாளி நெடுந்தூரத்திலிருந்து வருவது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இலங்கை வந்து, சித்திரை அளவில் திரும்பிச் செல்லும் ஆறுமணிக்குருவியே அது. முதுகு பச்சை, சிறகில் நீலம், மார்பு மங்கிய பொன்னிறம், வாலடி குங்குமச் சிவப்பு, கண்ணோரம் மைதீட்டினாற் போன்ற கருங்கோடு. விடியலிலும் அந்தியிலும் ஏறத்தாழ ஆறு மணியளவில் சீழ்க்கையொலி எழுப்புவதாற் பெற்ற பெயர் இது. இமயமலை அடிவாரத்திலும் இந்தியாவின் மத்திய மாநிலங்களிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிலே பறந்து தெற்கு நோக்கி வரும் பறவை, வந்து சேர்ந்ததும் தேடுவது யாது? நிழலும் ஈரமும் உள்ள ஒரு மூலையில், கிளறித் தின்பதற்குச் சிறிது சருகு, அவ்வளவே. அந்தச் சருகுக்கு நாம் முதல்நாள் மாலையில் நெருப்பு வைத்திருந்தால், அவ்வளவு தூரம் பறந்து வந்த விருந்தாளி பசியோடு அடுத்த வளவைத் தேடிச் செல்ல வேண்டியதுதான்.

பூவும் புழுவும்

முருங்கை பூத்திருக்கும் காலையில் அதனடியில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பெருவிரல் அளவேயான தேன்சிட்டு, வளைந்த அலகைப் பூவினுள் விட்டு எடுத்துக் கிளைக்குக் கிளை தாவும். ஆணின் மேனியில் ஊதாவும் செம்மண் நிறமும் வெயிலில் மின்னும். பெண்ணுக்கு மங்கிய உடையும் மஞ்சள் வயிறும். அழகு குறைந்த அந்தப் பெண்ணே கட்டடக் கலையில் வல்லது. சிலந்தி நூல், நார், மரப்பட்டைத் துணுக்கு முதலியவற்றைச் சேர்த்து, தொங்கும் பை போன்ற கூட்டினை அதுவே அமைக்கின்றது. காற்றில் ஆடும் குப்பைத் துணுக்கோ என்று கண்ணை ஏமாற்றும் அக்கூடு, சிலவேளை விறாந்தையில் தொங்கும் கயிற்றிலும் காணப்படும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தேன்சிட்டு என்ற பெயரைக் கொண்டு, தேன் ஒன்றே அதற்கு உணவு என்று எண்ணிவிடலாகாது. குஞ்சுகள் தேனில் வளர்வதில்லை. சிலந்தியும் சிறுபூச்சியுமே அவற்றை வளர்க்கின்றன. தானியம் கொத்தும் அடைக்கலங்குருவியுங்கூடத் தன் குஞ்சுக்கு முதலில் ஊட்டுவது புழுவையே. ஆகவே, பூச்சி ஒன்றும் இல்லாதபடி மருந்தடித்துத் துப்புரவாக்கிய தோட்டம், பூ எவ்வளவு பூத்தாலும், குஞ்சு வளர்க்கும் தோட்டமாகாது.

தேசியிலும் கறிவேப்பிலையிலும் இலை தின்னும் புழுவைக் கண்டவுடன் நசுக்கிவிடுதல் பல வீடுகளில் வழக்கம். அப்புழு தொடக்கத்திற் பறவையின் எச்சம் போலக் கருமையும் வெண்மையுமாய்க் கிடக்கும். வளர்ந்தபின் இலைப்பச்சை நிறம் கொள்ளும். தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறமான இரட்டைக் கொம்பை நீட்டி, மூக்கைச் சுளிக்க வைக்கும் நாற்றத்தைப் பரப்பும். எத்தனை பகைவருக்கு எத்தனை உபாயங்கள்! இவ்வளவும் செய்து பிழைத்திருந்தால், கூட்டுப் புழுவாகி, சில நாள்களில் மஞ்சட் புள்ளிகள் நிறைந்த கருஞ்சிறகு வண்ணத்துப்பூச்சியாக வெளிப்படும். வாய் அகன்ற போத்தலில் ஒரு புழுவை விட்டு, மெல்லிய துணியால் வாயை மூடி, நாளுக்கு நாள் புதிய இலை கொடுத்து வந்தால், பிள்ளைகள் இந்த விந்தையை வீட்டிலிருந்தே காணலாம். நன்கு வளர்ந்த தேசி மரம் ஒன்றுக்கு நாலு கிளையின் இலை போவது பெருநட்டமன்று.

குயிலும் காகமும்

சித்திரை பிறக்கும் வேளையில் மாமரத்திற் கூவும் குயிலைத் தமிழரும் சிங்களவரும் ஒருங்கே புத்தாண்டின் தூதனாகக் கொள்கின்றனர். கூவுவது கருநிற ஆண். பெண்ணோ மண்ணிற மேனியில் வெண்புள்ளி உடையது. இலைகளுக்குள் மறைந்திருந்து காகத்தின் கூட்டை வேவு பார்ப்பது. தாய்க் காகம் கூட்டைவிட்டு நீங்கிய சமயம் பார்த்து முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடும். ஆகவே, குயிலின் இசை வேண்டுமாயின் காகத்தின் கூடும் வேண்டும். காகத்தின் கூட்டுக்கு உயர்ந்த மரம் வேண்டும். மரத்தை வெட்டிவிட்டுக் குயிலை மட்டும் வைத்துக்கொள்ள இயலாது.

சனிக்கிழமையில் காகத்துக்குச் சோறு வைத்தல் நமது சமய வழக்கம். அது தொடரட்டும். எனினும், சோற்றுக்கு வருபவை காகமும் மைனாவும் அணிலும்போன்ற சிலவே. புலுனியையும் ஆறுமணிக்குருவியையும் தேன்சிட்டையும் சோறு வைத்து அழைக்க இயலாது. அவற்றுக்கு நாம் செய்யும் உபசாரம் எதையாவது கொடுப்பதன்று, இருப்பதை விட்டுவைப்பதே. சருகைச் சிறிது விட்டுவைத்தல், புழுவைச் சிறிது விட்டுவைத்தல், பனையிற் காவோலையைச் சில காலம் விட்டுவைத்தல். தரையிறங்காமல் வானிலேயே இரை பிடிக்கும் பனை உழவாரன், தன் உமிழ்நீரால் இறகுகளை ஒட்டிக் கூடமைப்பது பனையோலையின் அடிப்புறத்திலேதான் என்பதை எத்தனை பேர் அறிவர்?

வேலிக்கு ஓணான் சாட்சி

விட்டுவைக்க வேண்டியவற்றுள் தலையாயது வேலி. இங்கேதான் நமது காலத்துப் பெருமாற்றம் நிகழ்ந்து வருகின்றது.

பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகிய கதியால்களை நட்டு, இடையே கிடுகோ பனையோலையோ கட்டி அடைத்த வேலி யாழ்ப்பாணத்தின் அடையாளமாய் இருந்தது. அது வெறும் எல்லைக்கோடன்று. ஆட்டுக்குக் குழையும், வயலுக்குப் பசளையும், கலியாண வீட்டில் நடுவதற்குக் கன்னிக்காலும் அவ்வேலியே தந்தது. கொவ்வை, குறிஞ்சா, முசுட்டை, தூதுவளை முதலிய கொடிகள் அதிற் படர்ந்து கறிக்கும் மருந்துக்கும் உதவின. சிவந்து பழுத்த கொவ்வைப் பழத்தைக் கிளியும் கொண்டைக்குருவியும் கொத்தின. அகன்ற இலைகளைச் சிலந்தி நூலாலும் பஞ்சாலும் சேர்த்துத் தைத்து, அந்தப் பைக்குள்ளே தையற்சிட்டு குடியிருந்தது. செண்பகம் அதனடியில் நடந்து நத்தையும் பூச்சியும் பொறுக்கிற்று. அயல் வீட்டார் வந்துபோக விட்டிருந்த பொட்டு வழியாகக் கீரியும் வந்துபோயிற்று. ஒவ்வொரு கதியாலிலும் ஓர் ஓணான், கழுத்துச் சிவக்கத் தலையாட்டி இருந்தது. 'வேலிக்கு ஓணான் சாட்சி, ஓணானுக்கு வேலி சாட்சி' என்னும் பழமொழி கண்டறிந்தவர் வாக்கு.

இன்று வேலி போய் மதில் வருகின்றது. அதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஆண்டுதோறும் வேலி அடைக்க ஓலையும் அரிது, ஆளும் அரிது. கள்வர் பயமும் உண்டு. கதியால் ஒரு சாண் நகர்ந்ததற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய குடும்பங்களுக்கு, மதில் ஓர் அமைதி உடன்படிக்கையாகவும் தோன்றியிருத்தல் கூடும். போரினால் இடம்பெயர்ந்து பல்லாண்டு கழித்துத் திரும்பியோர், கூரையற்ற சுவர்களுக்கிடையே மரமும் பற்றையும் மண்டிக் கிடக்கக் கண்டனர். 2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்த பின்னர், காணியைத் துப்புரவாக்கி, 'இது எமது' என்று உறுதி செய்வது போல மதில் எழுப்பினோர் பலர். அவர்களைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை.

ஆயினும், கல்லில் இலை துளிர்ப்பதில்லை. தையற்சிட்டுக்குத் தைப்பதற்கு ஒன்றுமில்லை. கீரிக்கு வழியில்லை. சாட்சி சொல்ல ஓணானும் இல்லை. ஒரு வீட்டு மதிலால் ஊருக்குக் கேடு வந்துவிடாது. ஒழுங்கை முழுவதும் இருபுறமும் மதிலாகும்போதுதான், முன்பு வளவுக்கு வளவு தொடர்ந்து சென்ற பசும்பாதை ஒன்று சொல்லாமல் அறுந்துபோகின்றது. இதற்குப் பரிகாரம் உண்டு. மதிலின் உட்புறத்தில் இரண்டு அடி நிலத்தைச் சீமெந்து பூசாமல் விடுக. அதிற் செவ்வரத்தை, நந்தியாவட்டை, கிளுவை என்று எதையேனும் நெருக்கமாக நட்டு, ஒரு கொவ்வையையோ முசுட்டையையோ மதில்மேல் ஏற்றிவிடுக. அடியில் ஒரு சாண் அகலத்துக்குத் துவாரம் விடுக. மாரி வெள்ளம் வடிந்தோடவும் அது உதவும். தவளையும் கீரியும் வந்துபோகவும் உதவும். பாதுகாப்புக்கு மதில், உயிர்ப்புக்கு வேலி என இரண்டும் ஒருங்கே இருக்கலாம்.

ஒரு சட்டி நீர்

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டிலே, சோளகக் காற்று வீசும் கோடைமாதங்களிற் பறவை நீருக்கு எங்கே செல்லும்? ஆழக் கிணற்றில் அது இறங்க இயலாது. துலாவும் வாய்க்காலும் இருந்த நாளிற் கிணற்றடியில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நின்றது. குழாய் வந்தபின் அதுவும் குறைந்தது. ஆதலாற் கோடைக்கு ஒரு மண்சட்டி நீர் வைத்தல் பேருபகாரம். சட்டி அகன்றதாகவும் இரண்டங்குல ஆழத்துக்கு மேற்படாததாகவும் இருத்தல் வேண்டும். நடுவில் ஒரு கல் வைத்தால் சிறு குருவியும் தேனீயும் அதன்மேல் நின்று குடிக்கும். பூனை பதுங்கிவர இயலாதபடி, சற்று உயரத்தில், சுற்றிலும் வெளியான இடத்தில் வைத்தல் நன்று.

இதில் ஓர் எச்சரிக்கை அவசியம். 2017 ஆம் ஆண்டில் இலங்கையில் ஓர் இலட்சத்து எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர். அந்நோயைப் பரப்பும் நுளம்பு இத்தகைய சிறு நீர்நிலைகளிலேயே பெருகுவது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். ஆகவே, சட்டி நீரை நாள்தோறும் ஊற்றிவிட்டு, உட்புறத்தைத் தும்பினால் தேய்த்துக் கழுவிப் புதுநீர் வைத்தல் வேண்டும். முட்டை சட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்குமாதலால், நீரை மாற்றுதல் மட்டும் போதாது. நாள்தோறும் செய்ய இயலாதவர் சட்டி வையாதிருப்பதே நலம்.

சருகை விட்டுவைத்தாற் பாம்பு வராதா என்று தாய்மார் கேட்பது நியாயமே. வீட்டுச் சுவரோடும், கிணற்றுக்குச் செல்லும் பாதையோரத்திலும், பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் சருகு சேரவிடலாகாது. எல்லைக்கு அண்மையில் ஒரு மூலையை அதற்கென ஒதுக்குக. இரவிலே கோடிப்புறம் செல்வோர் கைவிளக்கின்றிச் செல்லலாகாது. எலியைத் தின்று நமக்கு உதவும் சாரை நஞ்சற்றது. புடையனும் நாகமும் கொடியவை. எது கடித்தது என்று தேடிக்கொண்டு நிற்காமல், கடியுண்டவரை உடனே அரசினர் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுதலே அறிவுடைமை.

மாணவர்க்கு ஒரு கொப்பி

இங்கிலாந்திலே செல்போர்ண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பேட் வைற் என்ற பாதிரியார், தம் ஊரையும் தம் தோட்டத்தையும் ஆண்டுக் கணக்காக உற்று நோக்கி, நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1789 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒரே சாதி என்று பிறர் கருதிய சிறுகுருவிகளை, அவற்றின் குரல் வேறுபாட்டைக் கேட்டே மூன்று சாதி என்று பிரித்துக் காட்டியவர் அவர். அவரிடம் இருந்தவை பொறுமையும் ஒரு கொப்பியுமே. நம் நாட்டிற் பிறந்த ஜி. எம். ஹென்றி, இலங்கைப் பறவைகளைப் பற்றிய தமது வழிகாட்டி நூலை 1955 ஆம் ஆண்டில் வெளியிட்டபோது, அதற்கான படங்களையும் தாமே வரைந்திருந்தார். பார்த்தலும் வரைதலும் எழுதுதலும் ஒருவர்க்கே கைகூடும் என்பதற்கு அவர் நல்ல சான்று.

மாணவர்களும் இதனைத் தொடங்கலாம். ஒரு கொப்பியில் நாளும் நேரமும் குறித்து, கோடிப்புறத்திற் கண்டதை இரண்டு வரியில் எழுதி வருக. பெயர் தெரியாவிடின் நிறம், அலகு, நடை, குரல் ஆகியவற்றை எழுதுக. பெயர் பின்னர் வந்து சேரும். முதல் மழையின் பின் ஈசல் புறப்பட்ட மாலை எது, அதனைத் தின்ன எவை எவை வந்தன, ஆறுமணிக்குருவியின் குரல் முதன்முதற் கேட்ட நாள் எது, குயில் எப்போது கூவத் தொடங்கிற்று என்று குறித்து வைத்தால், இரண்டாம் ஆண்டில் அக்கொப்பி பேசத் தொடங்கும். 'சென்ற ஆண்டு இந்த வாரம் வந்தது, இவ்வாண்டு இன்னும் வரவில்லை' என்று சொல்லும். அப்போது அந்த மாணவர் வளவிலே என்ன மாறிற்று என்று தேடத் தொடங்குவார். வெட்டிய மரமோ, எரித்த சருகோ, எழுப்பிய மதிலோ, காரணத்தைத் தாமே கண்டறிவார். அந்தத் தேடலே விஞ்ஞானத்தின் அரிச்சுவடி.

கொழும்பில் மாடிவீட்டில் வாழ்வோர், தமக்குக் கோடிப்புறம் இல்லையே என்று வருந்த வேண்டியதில்லை. பல்கனியில் ஒரு சாடியிற் கறிவேப்பிலையும் இன்னொரு சாடியிற் செவ்வரத்தையும் வைத்தால், வண்ணத்துப்பூச்சியும் தேன்சிட்டும் வழி கண்டுபிடித்து வருதல் கூடும். விறாந்தைக் கூரையில் ஒரு மண்முட்டியைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இலங்கையின் பல பகுதிகளில் உண்டு. ஓட்டுக் கூரையின் இடுக்கை இழந்த அடைக்கலங்குருவிக்கு அது புகலிடமாகும். பலகைப் பெட்டி செய்வோர் ஒன்றேகால் அங்குல வாயில் விட்டாற் போதும்.

நமது முன்னோர் அக்குருவிக்கு இட்ட பெயரை எண்ணிப் பாருங்கள். நிறத்தையோ குரலையோ கொண்டு அவர்கள் பெயரிடவில்லை. அது நம்மிடம் அடைக்கலம் புகுந்தது என்பதைக் கொண்டே பெயரிட்டனர். அடைக்கலம் புகுந்ததைக் காப்பது நம்மவர்க்குப் பழகிய அறம். அதற்குப் பணம் வேண்டியதில்லை, பரந்த நிலமும் வேண்டியதில்லை. நாளைக் காலையிற் கோடிப்புறம் கூட்டும்போது, ஒரு மூலையை மாத்திரம் கூட்டாமல் விட்டுவிடுங்கள். சில நாளில் அங்கே சருகு சலசலக்கும். ஓசைப்படாமற் சென்று பாருங்கள்.